இடப்பக்கத்துப் பலகை

படகில் அப்பாவின் சவப்பெட்டியின் கைப்பிடியைப் பற்றியபடி நின்றிருந்த மகளின் இடது செருப்புக்குள் சில்லென்று நீர் புகுந்தது. அலை தெறித்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். தெறித்த நீராக இருந்தால் வடிந்துவிட வேண்டும், இது வடியவில்லை. குனிந்து பார்த்தாள். தரைப்பலகைகளின் இடுக்குகளில் கரிய நீர் பளபளத்தது. அப்பாவின் பெட்டி நகராமலிருக்க அணையாக வைத்திருந்த மரக்கட்டைகளுள் ஒன்று தானாகவே அசைந்தது.

உப்பங்கழியில் புறப்பட்ட கரை வெகுதூரம் பின்னால் போய்விட்டது. இடுகாடு இருக்கும் எதிர்க்கரையோ இன்னும் ஒரு சாம்பல்நிறக் கோடாகத்தான் தெரிந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முதலில் மாமாவின் காதில்தான் விழும். அம்மாவின் தம்பியான அவர் சொந்தமாக லாரி வைத்திருப்பவர். பெருத்த உடம்பு, அதனினும் பெருத்த குரல். காலையில் படகுத்துறையில் ஊரே கேட்கும்படி அவர் சொல்லியிருந்தார்:

"பாலத்து வழியா லாரியில கொண்டு போனா சத்தமில்லாம வேலை முடியும். எதுக்கும்மா இந்த ஓட்டை டப்பா? உங்கப்பா எங்க அக்காவுக்குத் துணி எடுத்துக் கொடுத்ததைவிட இதுக்குத் தார் அடிச்சதுதான் அதிகம். கடைசியிலயாவது மனுஷன் தரையில போகட்டுமே."

"அவரு போட்டுலதான் அவரு போவாரு, மாமா. எதுன்னாலும் நான் பாத்துக்கிறேன்."

அந்த 'எதுன்னாலும்' இப்போது அவள் செருப்புக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

படகில் உறவினர் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தனர். மிதவை வளையங்கள் இரண்டே இரண்டு. அவற்றுள்ளும் ஒன்று பிளந்து உள்ளடைப்பு வெளியே தெரிந்தது. பெட்டியின் தலைமாட்டில் அம்மா அமர்ந்து, மூடிமேல் கையை வைத்திருந்தாள். படகுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டும் நீந்தக் கற்றுக்கொள்ளாதவள். நேற்றுக் காலை பல் துலக்கியபடியே சரிந்து விழுந்த கணவருடன் இன்னமும் ஏதோ பேச்சு மிச்சமிருப்பதுபோல் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

மகள் பின்பக்கம் போனாள். சுக்கானைப் பிடித்திருந்த தம்பியின் காதருகே குனிந்தாள்.

"பம்ப் ஓடுதாடா?"

"அடிக்கடி ஓடுது. விட்டுவிட்டுச் சத்தம் கேக்குதே. ஏன்க்கா?"

"வேகத்தைக் கூட்டாத. திருப்பவும் செய்யாத."

"உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அப்பனைப் பறிகொடுத்தவ மூஞ்சி வேற எப்படிடா இருக்கும்? நேராப் பாத்து ஓட்டு."

எந்திரப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த பலகையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் நனையும் அளவுக்கு நீர் கிடக்க வேண்டிய அடிப்பள்ளத்தில் முழங்கால் அளவு நீர் ஆடிக்கொண்டிருந்தது. படகு ஆடும்போதெல்லாம் அவ்வளவு நீரும் இடப்பக்கமாகப் பாய்ந்தது. பாய்ந்தது திரும்பி வரத் தயங்கியது.

அவள் ஆயத்த ஆடை ஆலையொன்றில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள். ஓர் இயந்திரம் நின்றுபோனால் எதைத் தொட வேண்டும், அடுத்து எதைத் தொட வேண்டும் என்பது அவள் கைகளுக்குத் தெரியும். ஆனால், எந்தத் தையல் இயந்திரமும் அவள் அம்மாவைச் சுமந்துகொண்டு நின்றுபோனதில்லை.

விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு. குடிநீர்த் தொட்டி உடையவில்லை. வெளிநீர்தான் உள்ளே வருகிறது.

எந்திரத்தைக் குளிர்விக்கும் குழாயை நெடுகத் தடவினாள். அது காய்ந்திருந்தது. படகை உந்தும் சுழல்விசிறியின் தண்டு அடிப்பலகையைத் துளைத்து வெளியேறும் இடத்தைத் துழாவினாள். அங்கே என்றும்போல் சொட்டுச் சொட்டாகத்தான் கசிந்தது. அந்தச் சொட்டுகள் ஒரு நாள் முழுதும் விழுந்தாலும் ஒரு வாளி நிறையாது. பலகை ஏதேனும் பிளந்திருக்குமோ? அப்படியானால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த எண்ணத்தை அவள் முழுதாக நினைத்துப் பார்க்கவில்லை.

பம்ப் உறுமத் தொடங்கியது. பள்ளத்து நீரில் கிடக்கும் மிதவை உயர்ந்தால் தானாகவே ஓடி, தாழ்ந்தால் தானாகவே நிற்கும் பம்ப் அது. நீர் மளமளவென இறங்கிற்று. அவளுக்கு மூச்சு வந்தது. மிதவை தாழ்ந்தது, பம்ப் நின்றது. நின்ற அந்தக் கணமே நீர் மீண்டும் ஏறத் தொடங்கிற்று. வேறெங்கிருந்தோ அல்ல, பம்ப் இருந்த இடத்திலிருந்தே, அடுப்பில் உலை கொதிப்பதுபோல் குமிழியிட்டு ஏறிற்று.

தோள்வரை கையை விட்டாள். பம்பின் அடியிலிருந்த சல்லடைமேல் உள்ளங்கையை வைத்தாள். உறிஞ்ச வேண்டிய வாய், அவள் கையை வெளியே தள்ளியது.

நீரை வெளியேற்ற வைத்த பொருளே நீரை உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தது. பம்பிலிருந்து புறப்பட்ட ரப்பர்க் குழாயைத் தடவிக்கொண்டே போனாள். அது இடப்பக்கச் சுவரில் ஒரு துளையில் போய் முடிந்தது. எழுந்து விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். துளையைக் காணவில்லை. எப்போதும் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வாயைத் திறந்துகொண்டிருக்கும் துளை, நீருக்குள் போயிருந்தது. அதற்கு நேர்மேலே, இடப்பக்கத்துப் பலகையில், முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தார் மாமா. அவருக்கு இருபுறமும் உறவினர்கள். வலப்பக்கம் காற்றில் நீர்த்துளி தெறித்ததால் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இந்தப் பக்கமே வந்து சேர்ந்திருந்தனர்.

அந்தப் பலகையில் அப்பா யாரையும் உட்காரவிட்டதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் மாமா தம் புதுச் சம்பந்தி வீட்டாரை அழைத்துக்கொண்டு படகுச் சவாரிக்கு வந்தார். வந்தவர் ஒய்யாரமாக இந்தப் பலகையில்தான் அமர்ந்தார். சம்பந்திகளின் முன்னிலையில் அப்பா சொன்ன சொல் இவ்வளவுதான்: "எந்திரி. அங்க உக்காராத." காரணம் கேட்டதற்குப் பதில் இல்லை. அன்று இறங்கிப் போன மாமா அதன்பின் இந்தப் படகில் கால்வைக்கவில்லை. அப்பாவுடன் முகம்கொடுத்துப் பேசவுமில்லை. அப்பாவோ அந்தப் பலகையில் கயிற்றுச் சுருள்களையும் காலித் தகரங்களையும் குவித்துவைத்து, அதை யாருக்கும் இல்லாமல் செய்துவிட்டார். துளையை இரண்டு சாண் உயர்த்தியிருந்தால் அரைநாளில் தீர்ந்திருக்கும். தம் படகில் குறை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதைச் சரிசெய்ய நேரமும் வாய்க்கவில்லை. பிறர் உயிரைப் பணயம் வைக்கும் இந்தச் சோம்பலுக்கு 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று எவ்வளவு மரியாதையான பெயர் வைத்திருக்கிறோம்.

இன்று காலை அந்தக் கயிறுகளையும் தகரங்களையும் அப்புறப்படுத்தியவள் அவளேதான். வருகிறவர்கள் கௌரவமாக உட்காரட்டும் என்று, பலகையைத் துடைத்து விரிப்பும் போட்டிருந்தாள்.

கத்தினால் போதும், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுவார்கள். எழுந்தால் படகு கவிழும். பெட்டி சரியும், அம்மா அதை விடமாட்டாள்.

கையிலிருந்த மசகைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, எந்திரிங்க. அங்க உக்காராதீங்க."

குரல் அவளுடையதாக இல்லை. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டனர். அம்மா தலைநிமிர்ந்தாள்.

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "செத்த பிறகும் என்னை எழுப்பி விடுறாரா உங்கப்பா?"

அவள் அவருடைய காதுக்குக் குனிந்தாள். வார்த்தைகள் பற்களுக்கிடையே அடிபட்டுக்கொண்டு வந்தன. "தண்ணி ஏறுது, மாமா. பம்ப் வெளிய தள்ளுற ஓட்டை உங்களுக்குக் கீழதான் இருக்கு. இந்தப் பக்கம் தாழ்ந்தா அது வழியாவே உள்ள வருது. அப்பா அதுக்குத்தான் சொல்லியிருக்காரு. சத்தம் போடாதீங்க. அம்மாவுக்கு நீச்சல் தெரியாது."

மாமா தம் கால்களைப் பார்த்தார். பளபளப்பான காலணிகளைச் சுற்றி நீர் நின்றது. அவருடைய கன்னச்சதை துடித்தது. பிறகு இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, தூங்கும் குழந்தையின் பக்கத்திலிருந்து எழுபவர்போல், மெதுவாக எழுந்தார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் போய் உக்காருங்க," என்றார். அவ்வளவு தணிந்த குரல் அவரிடம் இருப்பது யாருக்கும் தெரியாது. "ஒருத்தர் ஒருத்தரா. அவசரமே இல்லை. அக்காவுக்குக் காத்து வரட்டும்."

"அங்க தண்ணி அடிக்குதேப்பா," என்றாள் வயதான சித்தி ஒருத்தி.

"அடிக்கட்டும் சித்தி. நனைஞ்சா கரைஞ்சா போயிடுவீங்க? கையைக் கொடுங்க."

ஒருவர் ஒருவராக அவரே கைபிடித்துக் கடத்திவிட்டார். கடைசி ஆள் போனதும், பெட்டி சரியாதபடி தம் தொடையை அதற்கு அண்டைகொடுத்து நின்றார். மகள் பின்பக்கம் ஓடினாள்.

பலகைக்கடியில் மீண்டும் கையை விட்டுக்கொண்டு குப்புறப் படுத்தாள். படகு முனகிற்று. இடப்பக்கம் குவிந்திருந்த நீர் நகரலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்று, பிறகு நடுவுக்கு வந்தது. பம்ப் உறுமிற்று. நீர் அவள் முழங்கையை விட்டது, மணிக்கட்டை விட்டது. மிதவை தாழ்ந்தது. பம்ப் நின்றது.

அவள் சல்லடைமேல் உள்ளங்கையை வைத்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். மேலே யாரோ இருமினார்கள். தம்பி, "அக்கா?" என்றான்.

உள்ளங்கையில் எதுவும் மோதவில்லை.

"அக்கா?"

"ஓட்டுடா," என்றாள்.

அப்பாவை அடக்கம்செய்துவிட்டுத் திரும்ப வெயில் சாய்ந்துவிட்டது. மாமாவின் லாரி பாலத்து வழியாக வந்து இடுகாட்டு வாசலில் நின்றிருந்தது. உறவினர் பலரும் அதில் ஏறிக்கொண்டனர். மாமா மட்டும் சாவியை ஓட்டுநரிடமே விட்டுவிட்டுப் படகுக்கு வந்தார்.

ஏறியவர் உட்காரவில்லை. காலையில் மகள் முன்பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்த கயிற்றுச் சுருள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்தார். விரிப்பை உருவி மடித்துவைத்தார். கயிறுகளை இடப்பக்கத்துப் பலகையில் அடுக்கி, அவற்றின்மேல் தகரங்களையும் ஏற்றினார். ஒரு தகரத்தை அசைத்துப் பார்த்து, திருப்தியாகாமல், இறுக்கி வைத்தார்.

"அவன் எதுக்குடி அதையெல்லாம் அங்க அடுக்குறான்?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கட்டும்மா."

மாமா வலப்பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தார். மாலையில் திசைமாறியிருந்த காற்று நீரை வாரி அவர் சட்டையில் அடித்தது.

"நனையிறியேடா. இப்படி நடுவுல வாயேன்."

"இருக்கட்டும்க்கா."

அடியில் பம்ப் ஒருமுறை ஓடி நின்றது. மாமா தலையைச் சாய்த்து, அது நின்ற பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.