பேசாமல் பதினைந்து நிமிஷம்

முட்டத்தில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஏழு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தார்கள். பிள்ளைகள் போதைப் பழக்கத்தில் விழாமலிருக்க வீட்டில் என்ன செய்யலாம் என்பதுதான் பாடம். மீன்பிடிக்கிற ததேயுஸ் கடலுக்குப் போகணும் என்று சாக்குச் சொல்லி மூன்று வாரம் தப்பினான். நாலாவது வாரம் மனைவி ரெஜிஷா விடவில்லை.

அன்றைக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். தினமும் பதினைந்து நிமிஷம் பிள்ளையோடு உட்கார வேண்டும். ஃபோன் கூடாது. பிள்ளை என்ன சொன்னாலும் இடையில் பேசக் கூடாது.

ததேயுசுக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. முதல் நாள் முழுக்கக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் அபினா கணக்கு டீச்சரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். "இதுல என்ன பிரயோஜனம்?" என்று ரெஜிஷாவிடம் முனகினான்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அபினா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பா, ஸ்கூல் பஸ்ஸுல ஒரு அக்கா உதட்டுக்கடியில வைக்க ஒரு பொட்டலம் தருவா. நான் ரெண்டு தடவை வச்சேன்."

ததேயுசின் கை தானாக உயர்ந்தது. அதைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டான். யார் அந்தப் பெண், எவன் மகள் என்று கேட்க வாயைத் திறந்தான். வாசலில் நின்ற ரெஜிஷா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

"தலை சுத்திச்சு. ஆனாலும் அடுத்த நாளும் வேணும்போல இருந்திச்சு. பயமா இருக்குப்பா. அந்த அக்கா இப்பவும் சீட்டுப் பிடிச்சு வச்சுக் கூப்பிடுதா."

அபினா சொல்லி முடித்ததும் ததேயுஸ் எழுந்து கடற்கரைப் பாறைகள் வரை நடந்தான். திரும்பினான். மறுபடியும் நடந்தான். வீட்டுக்கு வந்தபோது அவள் அதே இடத்தில் இருந்தாள்.

"அடிப்பியளா?"

"இல்ல மக்கா. என்ன செய்யணும்னு எனக்கும் தெரியல. நீ சொல்லு."

"ஸ்கூலுக்கு வந்து சத்தம் போடக் கூடாது. நான் மிஸ்ஸுகிட்ட சொல்லுதேன். அம்மா மட்டும் கூட வரட்டும்."

அப்படியே செய்தார்கள். டீச்சர் அந்தப் பெண்ணின் வீட்டில் பேசினார். பொட்டலம் நின்றது. ஆனால் காட்டிக்கொடுத்தவள் என்று பஸ்ஸில் அபினாவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒரு வாரம் அழுதாள். ததேயுஸ் கடலுக்குப் போகாமல் அவளை பைக்கில் கொண்டுபோய் விட்டான்.

கடைசி வகுப்பில் இந்த வீட்டுப்பாடத்தால் பலன் உண்டா என்று கேட்டார்கள். ததேயுஸ் எழுந்து நின்றான். "எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா மக என்கிட்ட சொன்னாளே" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் அபினா பஸ்ஸில்தான் போவேன் என்றாள். ஏற்றிவிட்டு வீட்டுக்கு வர அவனுக்கு மனம் வரவில்லை. பைக்கை எடுத்துப் பின்னாலேயே போனான். பஸ்ஸின் பின்கண்ணாடி வழியே பார்த்துவிட்டவள் முகத்தைச் சுளித்துப் போங்க என்று கையைக் காட்டினாள்.

வண்டியை ஓரம் கட்டினான். பஸ் வளைவில் மறைந்த பிறகும் எஞ்சினை அணைக்கத் தோன்றவில்லை.