புழங்கிய சாமான்கள்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் பொறாமை. சமூக அக்கறை, கலை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வயிறு எரிகிறபோது அதெல்லாம் எடுபடவில்லை.

என் மனைவி ரஃபீக்கா துனிஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. சென்ற வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் பரிமாறிக்கொண்டே, "இன்னைக்கு லஸ்ஹர் வந்தான்" என்றாள். லஸ்ஹர் எனக்கு முன்னால் அவளுக்கு நிச்சயமாகியிருந்தவன். பிரான்ஸில் மர்சேய்க்குப் போனவன் அங்கேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

2

தொடக்கம்: "கப்பலிலிருந்து இறங்கிய வண்டியில் ஓர் அழகன்..."

(அடித்துவிட்டேன். அழகன் என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பட்டத்தை நானாக எதற்குக் கொடுப்பது?)

மறுபடியும்: கூரைமேல் மெத்தையும் சலவை இயந்திரமும் கட்டிய வண்டியொன்று ரஃபீக்காவின் வரிசையில் வந்து நின்றது. பக்கத்து இருக்கையில் லஸ்ஹரின் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டிலிருந்து ஊரோடு திரும்புகிறவர்கள் வீட்டுச் சாமானை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆனால் அது புழங்கிய சாமானாக இருக்க வேண்டும். அதனால் எங்கள் ஆட்கள் புதுச் சட்டியில் எண்ணெய் தடவி, அடுப்பில் கருக்கிக் கொண்டுவருவார்கள். அந்தக் கரியைச் சுரண்டிப் பார்ப்பதும் ரஃபீக்காவின் வேலைதான்.

"எல்லாம் பழசுதான், ரஃபீக்கா."

"மேடம்னு சொல்லுங்க. கயித்த அவிழ்த்துவிடுங்க."

3

சாமான் புதுசாக இருந்தால் அவன் பொய்யன், வரியைத் தீட்டிவிடலாம். பழசாக இருந்தால், இந்த இரண்டு பேரும் இத்தனை வருடம் ஒழுங்காகக் குடித்தனம் செய்திருக்கிறார்கள் என்று அவளே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.*

சட்டியை நகத்தால் சுரண்டினாள். கரி அசையவில்லை. மெத்தையைப் புரட்டினாள். நடுவில் பள்ளம், ஒரே ஒரு பள்ளம்.

(இந்த விவரம் நான் கற்பனை செய்ததல்ல. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாள். அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.)

சலவை இயந்திரம் மட்டும் புத்தம் புதுசு. பழசாகக் காட்ட அதன்மேல் ஹரிஸா மிளகாய் விழுதைத் தடவிக் காயவைத்திருந்தான்.

"துணி துவைக்கிறதுல மிளகா அரைச்சியா?"

"அவசரத்துல கைக்குக் கிடைச்சது அதுதான், மேடம்."

இதைச் சொல்லும்போது ரஃபீக்கா சிரித்தாள். துறைமுகத்திலும் சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை. பிறகு என்ன செய்தாள் என்று அவளும் சொல்லவில்லை.

* இப்படி நினைத்தாள் என்று எழுதுவது நான். அவளும் கொஞ்சம் எரியட்டுமே.

4

முடிவு அ: முழு வரி போட்டாள். அப்படியானால் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறாத கோபத்துக்கு உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முடிவு ஆ: 'புழங்கியது' என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டாள். அப்படியானால் அவள் மனதில்...

(முடிக்கமாட்டேன்.)

முடிவு இ: வண்டியைப் பக்கத்து வரிசைக்குத் தள்ளிவிட்டாள். அவனைத் தன் கையால் அனுப்பிவைக்க மனமில்லாமலா?

நேற்றுக் காலை இந்தத் தாள்களை அவளே எடுத்துப் படித்துவிட்டாள்.

"முத்திரை குத்தினியா, இல்லையா?" என்று கேட்டேவிட்டேன்.

"இந்த மூணுல எது உனக்கு வேணும்?"

"நடந்தது வேணும்."

"நீ எதை எழுதுறியோ அதுதான் நடந்துச்சு. யார் கேட்டாலும் அப்படியே சொல்றேன், போதுமா?"

சீருடைப் பொத்தானை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இனி அவள் எதைச் சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வரி போடுங்கள், முத்திரை குத்துங்கள், வண்டியைப் பக்கத்து வரிசைக்குத் தள்ளுங்கள். அவள் மட்டும் சிரிக்க வேண்டாம்.