பலகையில் இல்லாத கோச்சி

எங்கள் ஸ்டேஷனின் வரலாறு பிளாட்பாரச் சுவரில் மூன்று மொழியில் தொங்குகிறது. முதல் எஞ்சின் வந்த வருஷம், தண்டவாளம் போட்ட வெள்ளைக்காரன் பெயர், கொழும்புக்கு ஏற்றிய தேயிலைப் பெட்டிக் கணக்கு எல்லாம் உண்டு. சுற்றுலாக்காரர்கள் அதன் முன்னால் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுக்கிறார்கள். எழுபதுகளில் இதே பிளாட்பாரத்திலிருந்து குடியுரிமை இல்லையென்று எங்கள் தோட்டத்துச் சனத்தை மூட்டை முடிச்சோடு இந்தியக் கப்பலுக்கு ஏற்றிப்போன ரயில்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. ரயிலை நாங்கள் கோச்சி என்போம்; அழுகைக் கோச்சி என்று தோட்டத்தில் அதற்குப் பேர். பலகையைத் தாண்டித்தான் தினமும் போய் டிக்கெட் கவுன்டரைத் திறக்கிறேன். தினமும் எரிச்சல் வரும்.

என் அம்மா பேச்சியம்மாவை விட்டுவிட்டுப் போனது அந்தக் கோச்சிகளில் ஒன்றுதான். அவளுக்கு அப்போது ஆறு வயது, உடம்பெல்லாம் அம்மை. அம்மை போட்ட பிள்ளையைக் கண்டால் இந்தியாவில் மண்டபம் கேம்பிலிருந்து குடும்பத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று லயத்து வீடுகளில் எவனோ கிளப்பிவிட்டிருந்தான். அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று பக்கத்துக் காம்பரா வீட்டில் அவளை ஒப்படைத்துவிட்டு அப்பன், ஆத்தாள், அண்ணன் மூவரும் ஏறிவிட்டார்கள். பிறகு சண்டை வந்து கப்பலே நின்றுபோனது.

அம்மா அவர்களை விட்டுக்கொடுக்கவே மாட்டாள். "அங்க என்ன கஷ்டமோ, கூப்புட முடியாமப் போச்சு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற பிள்ளையை மறந்தவர்களுக்கு வக்காலத்து என்ன வேண்டிக்கிடக்கிறது?

போன மாதம் அந்த அண்ணன் ஃபேஸ்புக்கில் முளைத்தார். பெயர் மாயாண்டி. கோத்தகிரியில் இருக்கிறாராம், அங்கே போயும் தேயிலைதானாம். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம், தங்கச்சியை ஒரு தரம் பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தாள். ஹட்டனுக்குப் போய்ப் புதுப் பாயும் தலையணையும் வாங்கி வந்தாள். பிறந்த வீடு என்று ஒரு முகமாவது தன் வாசலில் ஏற வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நேற்றுக் காலை கொழும்பிலிருந்து வந்த கோச்சியில் இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் ஜவுளிக்கடைப் பை. அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். நான் கவுன்டரை அடைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"வாங்கண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்றாள் அம்மா.

நான் குறுக்கே நின்றேன். "மொதல்ல எதுக்குக் கூப்புடலன்னு கேளும்மா."

"வினோதா, வாய மூடு."

"இத்தன வருஷமா நீயேதான் பதில் சொல்லிக்கிட்டு இருக்க. ஆளு வந்துட்டாருல்ல? அவரு சொல்லட்டும்."

மாமா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள், பிடித்த கையை விடாமல்.

"கேம்புல ஒம் பேரையும் கூப்புட்டாங்க" என்றார். "புள்ள எங்கன்னு கேட்டாங்க. நோய்ல விட்டுட்டு வந்தோம்னா எங்களையும் திருப்பிருவாங்கன்னு அப்பா பயந்துட்டாரு. செத்துப்போச்சுன்னாரு. என்னையும் கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்."

"அப்புறமாச்சும் கூப்புட்டிருக்கலாமே?" என்றாள் அம்மா.

"செத்துட்டான்னு சொன்ன புள்ளைய எப்புடிம்மா கூப்புடுறது? கேம்புல இருந்த சனமெல்லாம் எழவு விசாரிக்க வந்துட்டாங்க. சந்தேகம் வரக்கூடாதுன்னு அப்பா ஒனக்குக் கருமாதியும் வச்சிட்டாரு."

அம்மா கையை உருவிக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டது. அவளுக்குக் கோபம் வர வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன். வந்த பிறகு அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"கருமாதிச் சோறு தின்னீங்களா?"

அவர் ஜவுளிக்கடைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கேக்குறேன்ல?"

"தின்னோம்."

அம்மா எழுந்தாள். "கொழும்புக்குப் போற கோச்சி எப்ப?" என்று என்னிடம் கேட்டாள்.

"இந்தா வருது. அதுக்கு வழி விடத்தான் இவரு வந்த கோச்சி காத்துக்கிட்டு நிக்குது."

"இவருக்கு டிக்கெட் குடு."

"அம்மா, ஒரு வாய் சோறாவது..." என்றேன். அந்த ஆளுக்காக நான் பரிந்து பேசினேன். எனக்கே நம்ப முடியவில்லை.

"டிக்கெட்டக் குடுடி."

கொடுத்தேன். வேறென்ன செய்வது? மலைப்பக்கமிருந்து கோச்சி வந்து நின்றது. அவர் பையை நீட்டினார். "ஒனக்குத்தான்மா, சேல. அண்ணன மன்னிச்சிரு."

அம்மா பையைப் பிரித்தாள். கத்தரிப்பூ நிறத்தில் நல்ல பட்டுச்சேலை. மடிப்புக் கலைத்து, கட்டியிருந்த சேலைக்கு மேலேயே தோளோடு போர்த்திக்கொண்டாள்.

"பொறந்த வீட்டுக் கோடி. போட்டாச்சு. ஏறுங்க."

கார்ட் விசில் ஊதினார். அவர் கம்பியைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி ஏறி, வாசலில் நின்றபடி திரும்பினார். "போயிட்டு..." என்று ஆரம்பித்தார்.

"சாவு வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக்கூடாது" என்றாள் அம்மா.

கோச்சி நகர்ந்தது.