கொல்யானின் ஒரு மணி நேரம்

தாக்மாவ் ஊருக்கு வெளியே இருக்கும் அந்தத் தையல் ஆலையில் ஏழாவது வரிசைக்குத் தலைவி சொவான்னி. அவளுடைய வரிசையில் கால்சட்டைக்கு ஜிப் வைப்பவள் கொல்யான். தலைப்பிள்ளை பெற்று, மூன்று மாத விடுப்பு முடிந்து திரும்பி ஒன்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் அவள் எழுந்து எழுந்து கழிவறைக்குப் போவது வரிசைக்கே பேச்சாகிவிட்டது.

"என்னடி, அங்கயே பாய் விரிச்சுட்டியா?" என்றாள் சொவான்னி. எல்லாரும் சிரித்தார்கள். கொல்யான் மட்டும் ஒரு துணியை மார்போடு அணைத்தபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுபடியும் அவள் எழுந்தபோது, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சொவான்னியும் பின்னாலேயே போனாள். கைகழுவும் தொட்டியின் மேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கொல்யான் பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். திட்ட வந்த சொவான்னி, திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

"பால் கட்டிக்கிச்சுக்கா. நேத்தெல்லாம் காய்ச்சல். வீட்ல பிள்ளை டப்பாப்பாலைத் துப்புறான், இங்க நான் சாக்கடையில ஊத்துறேன்."

"குரோமாத் துண்டை எடுத்து மார்ல இறுக்கிக் கட்டு. ஒரு வாரம் உசிரு போகும், அப்புறம் வத்திடும். நானும் அப்படித்தான் பண்ணேன்."

"எதுக்குக்கா வத்தணும்?" கொல்யான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைக்கு ஒரு வயசாகுற வரைக்கும், பால் குடுக்க தினம் ஒரு மணி நேரம் விடணும்னு சட்டம் இருக்கு. சாப்பாட்டு நேரத்துல அதைக் கழிக்கவும் கூடாது. ஆபீஸ்ல கேட்டேன். உன் வரிசைத் தலைவி சரின்னா பார்க்கலாம்னாங்க."

"அப்போ என்கிட்ட ஏன் கேக்கல?"

கொல்யான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பார்த்த பார்வையே போதுமாயிருந்தது.

"எப்போ வந்த சட்டம் அது?"

"நான் பொறந்த வருஷம்க்கா. தொண்ணூத்தேழு."

சொவான்னியின் மகள் ரக்ஸ்மேக்கு இப்போது பதினைந்து வயது. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தைத்த அந்த ஏழு நாட்களும், வற்றிய மார்பில் முட்டி முட்டி அழுத குழந்தையின் சூடான வாயும் அவளுக்கு நினைவிருந்தன. ஏழைக்கு வாய்த்தது அவ்வளவுதான் என்று இத்தனை காலம் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். சட்டமோ அன்றைக்கும் இருந்திருக்கிறது. அவளுக்கென்று தினம் ஒரு மணி நேரம் இருந்தும், அவளிடம் சொல்ல ஆளில்லை. நேரே தள மேலாளர் விரக்கிடம் போனாள்.

"அவ போயிட்டா ஜிப் யார் வைப்பா?" என்றார் அவர்.

"நான் வைக்கிறேன்."

"நீ மெஷின்ல உக்காந்து ஆறு வருஷமாச்சு. சரி, இவளுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"பிள்ளை பெத்தவங்கதானே கேப்பாங்க? உங்களுக்கு என்ன பயம், நீங்களா பெத்துக்கப் போறீங்க?"

சிரிக்கக் கூடாது என்றுதான் விரக் பார்த்தார், முடியவில்லை. "சங்கத்துக்காரங்க காதுக்கு இது போயிடுச்சா?"

"வர்ற வழியிலயே சொல்லிட்டுத்தான் வர்றேன்."

அது பொய். அன்று சாயங்காலத்துக்குள் அதை உண்மையாக்கிவிட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து காலையில் அரை மணி, மதியத்துக்கு மேல் அரை மணி என்று ஏற்பாடாயிற்று. கொல்யானின் மாமியார் பேரனைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு, தெரிந்தவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வாசல் காவலாளி தன் கூண்டை விட்டுக்கொடுத்து வெயிலில் போய் நின்றார். உள்ளே கொல்யானின் இடத்தில் உட்கார்ந்த சொவான்னி, முதல் ஜிப்பையே உள்வெளி மாற்றித் தைத்தாள்.

"அக்கா, இதைப் போடுறவன் ஒண்ணுக்குப் போக கால்சட்டைக்குள்ள புகுந்து வரணும்!" என்று பக்கத்து மெஷின் நீமோல் கத்தினாள்.

"வாயை மூடிட்டு அதைப் பிரிச்சுக் குடுடி!"

அந்த வாரமே நாலாவது வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். அவர்களை சொவான்னியே விரக்கிடம் கூட்டிப்போனாள்.

ஒரு நாள் நீமோலைக் கொல்யானின் மெஷினில் உட்காரவைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். குழந்தை குடித்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தது. தலைவியைக் கண்டதும் கொல்யான் அவசரமாகச் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழப் போனாள்.

"உக்காரு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு," என்று சொவான்னியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். துண்டு கட்டியதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ரக்ஸ்மே சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அதான் நான் இவ்ளோ குள்ளமா இருக்கேனா?" என்றாள். அம்மாவின் கண் நிறைவதைப் பார்த்ததும் நகர்ந்து வந்து மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். "அழாதம்மா. சும்மா சொன்னேன்."

சோறு ஆறிப்போயிற்று. சொவான்னி அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.