அவை மரியாதையும் மூன்று நிமிடமும்

நகர மன்றத்தில் பத்தொன்பது வருடமாக நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவன் நான். அந்தக் கூடத்தில் பேசியதையெல்லாம் தாங்கிய என் காதுக்குத் தனியாக ஓய்வூதியம் தரவேண்டும். ஒன்பதாம் வட்ட உறுப்பினர் ஒருவர் இருக்கிறார், 'மைக்கு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தெருவிளக்கில் பல்பு மாற்றச் சொல்ல எழுந்தாலும் மின்சாரத்தைக் கண்டுபிடித்த கதையிலிருந்து ஆரம்பிப்பார். நான் தலையெழுத்தே என்று எழுதிக்கொண்டிருப்பேன்.

அதனால் தலைவியம்மா என்னைக் கூப்பிட்டு, "விவாதத்துக்கு விதிமுறை எழுதிக் கொண்டாங்க, ஒரு கூட்டமாவது சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடியட்டும்" என்றபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாலே நாளில் பதினோரு விதி எழுதினேன். ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் என் மேசையில் மணி அடிக்கும், ஒலிபெருக்கி அணையும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் முதல்நாளே எழுத்தில் கேட்கவேண்டும். ஏழாவது விதியை யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன்: மணி அடிப்பவர் தன் சொந்தக்காரருக்கும் சலுகை காட்டலாகாது. எழுதிவிட்டு அதை இரண்டு முறை படித்து ரசித்தேன். அப்படி ஒரு நேர்மை!

இந்த நேரத்தில்தான் அக்கா விஷயம் வந்தது. அக்கா தையல்கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் கால்வாய், அதன்மேல் ஒரு நடைபாலம், அக்கரையில் பள்ளிக்கூடம். சீருடை தைக்க வருகிற அத்தனை பேரும் அந்தப் பாலத்தில்தான் வருவார்கள். கைப்பிடி துருப்பிடித்துவிட்டது, பாலத்தையே மூடிவிடலாம் என்று மன்றத்தில் தீர்மானம் வைத்திருந்தார்கள். மூடினால் ஒன்றரை கிலோமீட்டர் சுற்று. வழியில் வேறு மூன்று தையல்கடை.

"நான் வந்து பேசறேன்டா. கைப்பிடியை மாத்துங்க, பாலத்தை மூடாதீங்க, அவ்வளவுதானே?" என்றாள் அக்கா.

"கூட்டத்துல வந்து அழுது வைக்காதே. மூணு நிமிஷம்தான். மணி அடிச்சா உட்கார்ந்துடணும்" என்றேன்.

"உன் மணியை நீயே வச்சுக்கோ. எனக்கு ஒரு நிமிஷம் போதும்."

அடுப்படியில் குக்கருக்குப் பக்கத்தில் வைக்கிற நிமிடமானியைத் திருகிவிட்டு எனக்கு எதிரில் நின்று பேசிக் காட்டினாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்து, எத்தனை பிள்ளைகள் அந்தப் பாலத்தில் நடக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லி, கைப்பிடிக்கு எத்தனை அடி இரும்பு வேண்டும் என்பதுவரை சொல்லி முடித்தாள். ஐம்பது விநாடி. இந்த மன்றத்தில் பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. அத்தான் கைதட்டினார். அக்கா மகள் பாப்பா விசிலடித்தாள்.

கூட்டம் காலை பதினோரு மணிக்கு. அக்கா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் பொருள் என் விதிமுறை. ஆளுக்கு மூன்று நிமிடம் போதுமா என்று விவாதிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. விதி இன்னும் நிறைவேறவில்லையே, யாரைத் தடுப்பது? சுருக்கமாகப் பேசுவதன் பெருமையைப் பற்றி மைக்கு மட்டும் நாற்பது நிமிடம் பேசினார்.

எல்லாம் முடிந்து ஓட்டுக்கு விடப்போகும் நேரத்தில் துணைத்தலைவர் எழுந்தார்.

"பேச வர்றவங்க எல்லாருக்கும் வணக்கம்னு மொத்தமா சொல்லிட்டு ஆரம்பிச்சிடறாங்க. நாம என்ன மூட்டையா, மொத்தமா கட்டறதுக்கு? ஒவ்வொருத்தரையும் பதவி சொல்லி விளிக்கணும். அதுதான் அவை மரியாதை."

கூடம் அதிரக் கைதட்டல். மைக்கும் விடவில்லை. "ஒருத்தரை விட்டாலும் மறுபடி முதல்லேர்ந்து சொல்லணும்!" என்றார். அதற்கும் கைதட்டல். அன்றைக்கு அத்தனை பேரும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

தலைவியம்மா என்னைப் பார்த்தார். "இதைச் சேர்த்தா மூணு நிமிஷம் போதுமாங்க?"

மணி ஒன்றே முக்கால். எனக்குப் பசி காதை அடைத்தது. என் விதிகள் இன்னும் ஒரு கைதூக்கலில் சட்டமாகப் போகின்றன. "தாராளமா போதும்மா" என்றேன். இருபத்திரண்டு உறுப்பினர்கள், ஆளுக்கு ஒன்றிரண்டு குழுப் பதவி வேறு. எண்ணிப் பார்த்தேனா? இல்லை. அடுத்தவன் போட்ட கமாவை எண்ணுகிறவன், அதை எண்ணவில்லை.

விதி நிறைவேறியது, உடனே நடைமுறைக்கும் வந்தது. அடுத்த பொருள் பாலம். அக்காவைக் கூப்பிட்டார்கள். உறுப்பினர் பட்டியலை அவள் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, ஒன்றாம் வட்ட உறுப்பினரும் சுகாதாரக் குழுத் தலைவருமான..."

நன்றாகத்தான் படித்தாள். பதினான்காம் வட்டத்தைத் தாண்டும்போது பூங்காக் குழுத் தலைவர் இருமினார். "அம்மா, என்னை விட்டுட்டீங்க." ஒன்றே முக்கால் நிமிடம் ஓடியிருந்தது. அக்கா மறுபடி தலைவரிடமிருந்து ஆரம்பித்தாள். வேகம் கூடியது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பதினாறாம் வட்டத்துக்கு வந்தபோது என் கடிகாரத்தில் மூன்று நிமிடம் ஆனது.

விரலை மணிமேல் வைத்துக்கொண்டு ஒரு நொடி உட்கார்ந்திருந்தேன். மைக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடித்தேன்.

"பாவம், ஒரு நிமிஷம் குடுக்கலாமே" என்றார் பூங்காக் குழுத் தலைவர். "முதல்நாளே எழுதிக் கேட்கணும், விதியில இருக்கு" என்றார் மைக்கு. அக்கா பட்டியலை நாலாக மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் என் கையால் எழுதினேன்: 'பொதுமக்களில் ஒருவர் பேசினார். ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை. பாலத்தை மூடும் தீர்மானம் நிறைவேறியது.' ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். பாலத்தை மூடிவிட்டார்கள், சுற்றி வர இருபத்தைந்து நிமிடம். கடையில் வெட்டி வைத்த சீருடைத் துணி அப்படியே கிடந்தது. அத்தான் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பாப்பா விசிலடிக்கவில்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அக்கா உள்ளே போய் நிமிடமானியை எடுத்துவந்து, மூன்றில் திருகி, என் முன்னால் வைத்தாள். "சொல்லு. எல்லாரையும் கூப்பிட்டுட்டு ஆரம்பி."

"அக்கா, அத்தான், பாப்பா" என்றேன்.

மூன்று விநாடிகூட ஆகவில்லை. மீதி நேரம் முழுக்க என்னுடையதுதான். நிமிடமானி டிக்டிக்கென்று ஓடியது. வாய் வரவில்லை. மூன்று பேரும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள், யாரும் குறுக்கே பேசவில்லை, கடைசியில் அது அடித்தது.