மாரான் ஏறிய மேடை

முதல் அடி ஜெப்ரியின் மேல் விழவில்லை. அவன் மடியிலிருந்த பேஞ்சோ வாத்தியத்தின் மேல் விழுந்தது. மூங்கில் தடி அதன் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்க் கம்பிகளில் சிக்கிக்கொண்டது. சரவணன் அதை உருவி எடுக்கப் பட்ட பாட்டில் ஐந்து கம்பிகளும் ஒவ்வொன்றாக அறுந்தன. அறுபடும்போது எது எந்தச் சுருதியில் கத்தியது என்று தனபாலால் தனித்தனியே சொல்ல முடிந்தது. அந்த நேரத்திலும் காது அதைப் பிரித்துக் கேட்டதற்காகப் பிறகு பல வருடங்கள் அவன் தன்னையே வெறுத்தான்.

இரண்டாவது அடி ஜெப்ரியின் தோளில் விழுந்தது. அதற்குச் சுருதி எதுவும் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

தனபாலும் ஜெப்ரியும் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்றவர்கள். தனபாலுக்கு மேண்டலின் வாசிக்க வரும். ஜெப்ரியின் அப்பா வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த அமெரிக்க டாக்டர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது ஐந்து கம்பி பேஞ்சோ ஒன்றையும் பத்துப் பன்னிரண்டு கேசட்டுகளையும் விட்டுப் போயிருந்தார். ஜெப்ரி அந்தக் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டே விரல் பழகினான். அந்தச் சங்கீதத்துக்குப் புளூகிராஸ் என்று பெயர் என்பதை அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஏதோ ஒரு மலைநாட்டுத் திருவிழாவில் பதிவு செய்தவை அவை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஜனங்கள் சிரிப்பதும் நாய் குரைப்பதும் கார்க் கதவு சாத்துவதும் கேட்கும். தனபாலுக்குப் பாட்டைவிட அந்த இடைவெளிகள்தான் பிடித்தன. புல்தரையில் முன்பின் தெரியாதவர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள், நீ யாரூட்டுப் பையன் என்று ஒருத்தரும் கேட்பதில்லை என்று அவனாகவே எண்ணிக்கொண்டான்.

"நம்ம பக்கம் இல்லாத நோம்பியா?" என்றான் ஒருநாள். "நாமளும் போலாம் ஜெப்ரி. எங்க வாசிக்கறாங்களோ அங்க போய் உக்காந்துக்கலாம்."

போனார்கள். மூன்று வருடமாகப் போனார்கள். துடியலூரில் வாடகைக்கு வேன் ஓட்டிய சென்னகேசவன் ஒரு பிடிலுடன் சேர்ந்துகொண்டார். நாற்பது வயதுக்காரர், வாயாடி. சர்ச் அசன விருந்து, பஜனை மடம், கல்யாண மண்டபத்தின் பின்வாசல், காரமடைத் தேரன்று புளியமரத்தடியில் ஜமாப் மேளம் அடிக்கிறவர்கள் என்று எங்கே தாளம் கேட்டாலும் வேன் நிற்கும். "ஏனுங்க, இதென்னங்க, தோசைக்கல்லுக்குக் கம்பி கட்டுன மாதிரி இருக்குது?" என்று பேஞ்சோவைப் பார்த்துக் கேட்பார்கள். "தோசையும் வருமுங்க, சட்னிதான் நீங்க கொண்டாரோணும்" என்பார் சென்னகேசவன். அவர்களுக்குள் விதி ஒன்றே ஒன்றுதான். வாசிக்கிறவன் தன் முறை முடிந்ததும் யாரைப் பார்த்து முகவாயைத் தூக்குகிறானோ, அவன் எடுக்க வேண்டும். அறிமுகமே இல்லாதவனாக இருந்தாலும் சரி. கூப்பிட்டபிறகு மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

தொண்ணூற்று நான்காம் வருடப் பங்குனியில் தனபாலின் சொந்த ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோம்பி சாட்டினார்கள். பெருந்துறைக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரம் இருக்கிற ஊர். அப்பா செத்தபிறகு தனபாலை வளர்த்த பெரியப்பா பாலுசாமிதான் கோயில் தர்மகர்த்தா. சாயங்காலம் கம்பத்தைச் சுற்றி ஆடுகிற கம்பத்தாட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் அரைமணி நேரம் வாசித்துக்கொள்கிறோம் என்று தனபால் கேட்டான். "வாசிங்க கண்ணு, நம்மூட்டு டிராக்டர் டிரெயிலரையே மேடையா உட்டுக்கலாம்" என்றார் அவர்.

வேனில் வரும்போது சென்னகேசவன் சொன்னார்: "தனபாலு, ஊரூராக் கண்டவனைக் கூப்பிட்டு வாசிக்க வெக்கற விளையாட்டெல்லாம் உங்கூர்ல வேண்டாம். வாசிச்சமா, ஒப்பிட்டுத் தின்னமா, வண்டியேறுனமான்னு இருக்கோணும்."

"எங்கூரைப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா?"

"அதனாலதான் சொல்றேன்."

அம்மனுக்குப் புருஷனாக நட்ட முக்கிளைக் கம்பம் கோயில் வாசலில் மஞ்சள் பூசி நின்றது. அதற்கு எதிரே டிரெயிலர். இரண்டுக்கும் நடுவே தரையில் பறைக்காரர்கள் ஆறேழு பேர் ஆட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவன் மாரான். பாலுசாமியின் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறவன். ஜெப்ரியின் விரல்கள் ஓட ஆரம்பித்ததும் கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு மெல்லத் தலையாட்டியது. மூன்றாவது உருப்படியில் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்து சேர்ந்தது. மாரான் தன்னை அறியாமல் குச்சியால் பறையின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். பேஞ்சோ ஓடுகிற ஓட்டத்தின் இண்டு இடுக்குகளில் அந்தத் தட்டு சரியாகப் போய் உட்கார்ந்தது. கேசட்டில் கேட்டுக் கேட்டுத் தேடியது இதுதான் என்று தனபாலுக்கு உடம்பு சிலிர்த்தது. அவன் முறை முடிந்தது. மூன்று வருடப் பழக்கம் யோசிக்க விடவில்லை. மாரானைப் பார்த்து முகவாயைத் தூக்கினான்.

மாரான் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான். ஒருவரும் இல்லை. மறுபடி மேலே பார்த்தான். தனபால் மறுபடியும் முகவாயைத் தூக்கினான். ஜெப்ரி சிரித்துக்கொண்டே குனிந்து வலது கையை நீட்டினான். மாரான் அந்தக் கையைப் பிடித்து டிரெயிலரில் ஏறினான்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நாலு ஆவர்த்தனம் அடித்திருப்பான். ஆளுயரத் தடிகளோடு இளவட்டங்கள் மேலே வந்தார்கள். முன்னால் வந்தவன் பாலுசாமியின் மகன் சரவணன்.

இப்போது மாரானைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கம்பத்துக்கு முன்னால் போட்டிருந்தார்கள். ஒருவன் அவன் விலாவில் உதைத்தான். மாரான் சுருண்டானே தவிரக் கத்தவில்லை. மற்றப் பறைக்காரர்கள் காலனிப் பக்கம் ஓடிவிட்டார்கள். ஜெப்ரியின் நெற்றி பிளந்து, ரத்தம் கண்ணில் இறங்கி, அவன் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னகேசவனைக் காணோம். தனபாலை மட்டும் யாரும் தொடவில்லை. அவனைச் சுற்றி அடித்தார்கள். தடி அவன் பக்கம் வந்தால் விலகிப் போயிற்று.

"நிறுத்துங்கடா" என்றார் பாலுசாமி. நின்றது. "அம்மன் வாசல்ல, கம்பம் நட்டிருக்கறப்ப, உனக்கு அத்தனை ஒசரம் கேக்குதாடா?"

"கூப்டாங்க சாமி" என்றான் மாரான் மண்ணைப் பார்த்தபடி.

"யார்ரா கூப்டது?"

மாரானின் கண் ஒரு நொடி தனபாலிடம் வந்தது. சின்னப் பண்ணாடியான தனபாலின் பெயரைச் சொன்னால் அதற்கும் சேர்த்து அடி விழும் என்று அவனுக்குத் தெரியும். கண்ணை இறக்கிக்கொண்டான். பதில் வராததற்கு ஒரு உதை விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அந்த இரண்டு உதையும் விழுகிற வரை தனபால் பேசவில்லை. பிறகுதான் சொன்னான்.

"நான்தானுங்க பெரியப்பா கூப்பிட்டேன்."

"சும்மா இரு கண்ணு."

"நெசமாலுமே நான்தானுங்க. தலையை ஆட்டிக் கூப்பிட்டேன்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "பாட்டுக் கேட்டா எல்லாருந்தான் தலைய ஆட்டறாங்க. நாங்கூடத்தான் ஆட்டுனேன்" என்றது ஒரு குரல். "கை குடுத்துத் தூக்குனது அந்த வேதக்காரப் பையன். ஊரே பாத்துச்சு" என்றது இன்னொன்று.

பாலுசாமி அவன் தோளில் கை வைத்தார். காய்ச்சல் கண்ட குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசினார். "சேர்க்கை சரியில்லீன்னா இப்படித்தான் ஆவும். நீ ஊட்டுக்குப் போ. பெரீம்மா காப்பி போட்டு வெச்சுட்டுத்தான் வந்திருக்கா."

"மாரானை விடச் சொல்லுங்க. அடிக்கறதுன்னா என்னைய அடிக்கச் சொல்லுங்க."

"உன்னைய எதுக்குடா அடிக்கோணும்? பொறந்த ஊர்ல வந்து பைத்தியமாட்டப் பேசிக்கிட்டு." தோளைத் தட்டிவிட்டு மகன் பக்கம் திரும்பினார். குரல் ஏறவே இல்லை. "எந்தக் கையில தூக்குனானோ அந்தக் கைய வெய்யி சரவணா. போதும். அத்தோட உட்ருங்க."

சரவணன் டிரெயிலரின் பின்கதவை நெம்பி மேலே தூக்கிப் பிடித்தான். இரும்புச் சட்டம் போட்ட கனத்த பலகை. கரும்பு ஏற்றும்போது இரண்டு ஆள் தூக்குவது. மூன்று பேர் ஜெப்ரியை இழுத்து வந்து, அவன் வலது கையைக் கதவு வந்து மூடுகிற இடத்தில் வைத்து அழுத்தினார்கள். விரல்கள் விரிந்து கிடந்தன. மூன்று விரல்களில் பேஞ்சோ மீட்டுகிற உலோக நகங்கள் இன்னும் மாட்டியே இருந்தன. ஜெப்ரிக்கு அப்போதுதான் விளங்கியது. "வேண்டாங்க, வேண்டாங்க, லேத்துல நிக்கற கைங்க" என்றான். தனபாலைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லியாயிற்று. ஊர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இனி எத்தனை தரம் சொன்னாலும் தன்னைக் காப்பி குடிக்க அனுப்பிவிட்டு அந்தக் கதவை இறக்குவார்கள் என்று தனபாலுக்குப் புரிந்தது. தடிகளைத் தன் பக்கம் திருப்ப இந்த ஊரில் ஒரே வழிதான் இருந்தது.

இரண்டு எட்டு வைத்துப் போய்ப் பாலுசாமியின் கன்னத்தில் அறைந்தான்.

விரல் பதிகிற அறை. அவர் தோளிலிருந்த துண்டு நழுவிப் புழுதியில் விழுந்தது. வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் வரைக்கும் கேட்டது. கோயில் படியில் நின்ற பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பாலுசாமி கன்னத்தைத் தொடவில்லை. முன்னால் நிற்பது யார் என்று தெரியாதவர்போலத் தனபாலைப் பார்த்தார்.

"எங்கப்பனையாடா" என்றான் சரவணன். கதவை விட்டுவிட்டான். அது டக்கென்று ஜெப்ரியின் பக்கம் சரிந்தது. பிடித்திருந்தவர்களும் கையை விட்டுவிட்டு ஓடிவந்ததால் ஜெப்ரி கையை உருவிக்கொண்டான். சுண்டுவிரல் மட்டும் மாட்டிக்கொண்டது. அவன் போட்ட கத்தலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் முழுக்கத் தனபாலின் மேல் இருந்தது.

முதல் தடி முழங்காலில் விழுந்தது. கீழே விழுந்ததும் உதைகள் வந்தன. கால்களின் இடைவெளியில் தனபால் துண்டு துண்டாகப் பார்த்தான். வேன் கோயிலுக்குப் பின்புறமிருந்து கதவு திறந்தபடி வருகிறது. சென்னகேசவன் அதற்காகத்தான் போயிருக்கிறார். ஜெப்ரி மாரானை அக்குளில் தாங்கித் தூக்குகிறான். மாரான் ஒருமுறை காலனிப் பக்கம் பார்க்கிறான். அந்தப் பக்கம் ஓடினால் பின்னாலேயே தடிகளும் வரும் என்று நினைத்தானோ என்னவோ, வேன் இருந்த திக்கில் நொண்டுகிறான்.

"தலையில வேண்டாங்கடா, நம்ம பையன்டா" என்றது ஒரு பெரியவர் குரல்.

அடி தளர்ந்தது. ஜெப்ரிக்காக, மாரானுக்காக அப்படி ஒரு குரல் வரவில்லை. யாரோ தனபாலின் அக்குளில் கை கொடுத்து மரியாதையாகத் தூக்கி நிறுத்தினார்கள். வேன் இன்னும் முப்பது அடி தூரத்தில்தான் இருந்தது. மாரானின் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"அவனுகளை உட்ராதீங்க" என்று கத்திக்கொண்டே சரவணன் திரும்பினான். நாலைந்து பேர் அவனோடு திரும்பினார்கள்.

தனபால் தன்னைத் தாங்கியிருந்தவரின் பிடியை உதறினான். பெரியப்பா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. ஆறு வயதில் டைபாய்டு கண்டபோது இதே மனிதர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பெருந்துறை வரைக்கும் நடந்திருக்கிறார். "தனபாலு" என்றார் மெதுவாக. இரண்டாவது முறை அறைவது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. அறைந்தான். பிறகு சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மூன்றாவதும் அறைந்தான்.

போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை தலையில் வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மூங்கில் காதின் மேல் விழுந்து ஒரு பக்கம் உலகம் அணைந்துபோயிற்று. வேன் வாய்க்கால் பாலத்தில் ஏறுகிற சத்தம் மற்றக் காதில் கேட்கும்வரை தனபால் அந்தச் சட்டையை விடவில்லை.