பூவாத்தாள் நிரப்பிய பாட்டில்

திருமணிமுத்தாற்றில் நீர்நாய் இருக்கிறது என்று ரஞ்சிதா சொன்னபோது விலங்கியல் துறையில் சிரிக்காதவர் பாக்கியில்லை. கழிவு நுரை ததும்புகிற ஆற்றில் நீர்நாயா? அவளோ கரையில் மீன்முள் கலந்த எச்சத்தைக் கண்ணால் பார்த்தவள், பிடித்த பிடியை விடவில்லை.

"இந்தத் தடவையும் இல்லேன்னா வேற தலைப்பு பாரு" என்று வழிகாட்டி தெய்வநாயகி சொல்லிவிட்டார். மூன்று வருட ஆராய்ச்சி அம்போ என்று போய்விடும்.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. நீந்தியது, குளித்தது, எச்சமிட்டது என்று எல்லா உயிரும் தன் டிஎன்ஏவைத் தண்ணீரில் விட்டுத்தான் போகிறது. வெண்ணந்தூர்ப் பக்கம் ஆற்றில் சில பாட்டில் தண்ணீர் பிடித்தாள். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகத்துச் சுத்தத் தண்ணீர் ஒரு பாட்டில். அதில் எந்த உயிரின் தடமும் தெரியக் கூடாது. தெரிந்தால் எங்கோ கலப்படம் என்று மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

முடிவு வந்தது. ஆற்றுப் பாட்டில்களில் கோழி, எருமை, கெளுத்தி, மறுபடியும் கோழி. நாமக்கல் ஜில்லாவில் கோழி இல்லாத தண்ணீருக்கு எங்கே போவது? நீர்நாய் மட்டும் இல்லை. அது சுத்தத் தண்ணீர்ப் பாட்டிலில் இருந்தது.

"ஆத்துல இல்லாத நாய் பாட்டிலுக்குள்ள குடியிருக்குதா?" என்றார் தெய்வநாயகி.

ரஞ்சிதாவுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அன்று பையை ஆற்றோரத்துப் பூவாத்தாள் வீட்டில் வைத்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. போனைப் போட்டாள்.

"ஏனுங்க்கா, என் பையில இருந்த பாட்டிலைத் தொட்டீங்களா?"

"குடிச்சே போட்டேன் சாமி. நல்ல தாகம். தண்ணி சப்புன்னு இருந்துச்சு. வெறும் பாட்டிலைக் குடுத்தனுப்பலாமா? நீ தண்ணி புடிக்கத்தான வந்தே, எங்க மீன் குழியில மொண்டு ரொப்பி வெச்சுட்டேன்."

ரஞ்சிதா சிரித்த சிரிப்பில் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டதும் தெய்வநாயகிக்கும் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பாட்டில் செல்லாது. நாளைக்கே அந்தக் குழியில புதுசா புடிச்சுட்டு வா" என்றார்.

மறுநாள் ராசிபுரம் பஸ்ஸில் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு போனவளைக் கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த மீன் குழி ஒரு பழைய கல்குழி. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் அதற்குள்ளும் ஏறும். கரையில் பூவாத்தாள் புலம்பிக்கொண்டிருந்தாள். "உட்ட மீனெல்லாம் காணோம். பக்கத்துக் காட்டுல வெள்ளாமை பண்ற சின்னண்ணன் வேலைதான். மாசக்கணக்கா அவரோட பேச்சே இல்லை."

தண்ணீர் சுழித்தது. மினுமினுக்கும் தலையொன்று மேலே வந்தது. வாயில் ஜிலேபிக் கெண்டை. இருவரையும் பார்த்துக்கொண்டே கறுக்மொறுக்கென்று மென்றது.

பூவாத்தாள் வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "சின்னண்ணா, மத்தியானம் ஊட்டுக்குச் சோறுண்ண வாங்க. மீன் கொழம்பு, மிச்சம் இருந்தா."

ரஞ்சிதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தரையில் ரெண்டு குதி குதித்தாள். சிரித்துக்கொண்டே குழித் தண்ணீரை முதல் பாட்டிலில் முகந்து மூடினாள். சுத்தத் தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் கக்கத்தில் இறுக்கி இடுக்கியிருந்தாள்.

"பயப்படாத சாமி" என்றாள் பூவாத்தாள். "இன்னிக்கு நான் தண்ணி குடிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."